எட்டாம் நம்பர் செருப்பு

ஜனவரி 23 அன்று ரங்கூனில் ஒரு மண்டபத்தில் நேதாஜி பிறந்தநாள் கூட்டம். எழுபது, எண்பது பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் தலை நரைத்தவர்கள், மீதிப் பேர் அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர்கள். மாலை போட்டார்கள், சுண்டல் கொடுத்தார்கள், மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. பேசியவருக்குக் கணீரென்ற குரல். மைக் செத்துப்போனபோதும் அவர் நிறுத்தவில்லை. "புறமுதுகு என்றால் என்னவென்றே அறியாதவர்கள் நம் தமிழ் வீரர்கள்" என்று அவர் முழங்கியதும் கைதட்டல். நானும் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், பத்தொன்பது வயதுப் பையன், என் காதோரம் குனிந்து கேட்டான்: "மாமா, நம்ம பெரிய ஐயா புறமுதுகு காட்டித்தானே வந்தாரு?"

அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி வாயை அடைத்தேன். கிண்டலாகக் கேட்கவில்லை அவன். வீட்டில் சொல்லப்பட்ட கதையும் மேடையில் சொல்லப்பட்ட கதையும் ஒட்டவில்லை, அதனால் கேட்டான். எனக்கும் ஒட்டவில்லைதான். ஐம்பது வயது தாண்டியும் அதைச் சத்தமாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவனுக்கு வந்தது. அன்றிலிருந்து பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எடுத்துப் போடத்தான் இதை எழுதுகிறேன்.

ஐயா என்பது என் அப்பாவின் அப்பா. ராமநாதபுரத்துப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம், மூன்று தலைமுறை ஐராவதித் தண்ணீரைக் குடித்த பிறகும் அது மாறவில்லை. 1943 கடைசியில், பத்தொன்பது வயதில், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணங்கள் வருஷத்துக்கு ஒன்று மாறும். நேதாஜியின் பேச்சைக் கேட்டேன் என்பார். சட்டை கொடுத்தார்கள் என்பார். வீட்டில் சண்டை என்பார். மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் போன இடத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் மாறாது. "நான் எங்க சண்டை போட்டேன்? நடந்தேன்" என்பார். பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் அளந்துவிடுவதற்கு இதில் ஒன்றுமே தேறாது. எட்டு வயதில் ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன், "அப்ப வெள்ளைக்காரனப் பாத்து ஓடி வந்துட்டீங்களா ஐயா?" அவருக்குக் கோபம் வரவில்லை. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஓடுறதுக்குத் தெம்பு வேணும்டா. எங்களுக்கு ஏது? நடந்தோம்."

கபாவ் பள்ளத்தாக்கு

இந்திய எல்லையோரத் தமுவிலிருந்து சிந்த்வின் ஆற்றங்கரைக் கலேவா வரை இன்று தார்ச்சாலை இருக்கிறது. 2001-ல் இந்தியா போட்டுக் கொடுத்தது, நட்புச் சாலை என்று பெயர், கலே ஊரையும் சேர்த்து 160 கிலோமீட்டர். நிலைமை நன்றாக இருந்த காலத்தில் ஒருமுறை அதில் பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தேக்கு மரங்களை எண்ணிக்கொண்டு, பாதி வழியில் தூங்கியும் போனேன். கலேயில் கண் விழித்தபோது முதலில் வந்தது வெட்கம். ஐயா அந்தப் பள்ளத்தாக்கை நடந்து கடக்க எத்தனை நாள் ஆனது என்று அவருக்கே தெரியாது. மழை விடாமல் பெய்ததால் பகலும் இரவும் ஒரே நிறமாக இருந்ததாம்.

ஐயா போன படையெடுப்பின் கதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 1944 மார்ச்சில் ஜப்பானிய ஜெனரல் முதகுச்சியின் பதினைந்தாம் படை சிந்த்வின் ஆற்றைத் தாண்டி இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கிப் போனது. மூன்று வாரத்துக்குச் சாப்பாடு போதும், அதற்குள் இம்பால் விழும், பிறகு வெள்ளைக்காரன் கிடங்கில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனால் சுமையும் இழுக்கும், பசித்தால் அடித்தும் சாப்பிடலாம் என்று முதகுச்சி நினைத்தார். மாடுகளில் நிறைய சிந்த்வினைத் தாண்டும்போதே போய்விட்டன. ஐயாவுக்கு அந்த மாடுகள் நன்றாக ஞாபகம் இருந்தன. மனிதர்களைப் பற்றிப் பேச மறுப்பவர் மாடுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஆழமான தண்ணீரைக் கண்டாலே காலை ஊன்றிக்கொண்டு நிற்கும் நம் பக்கத்து மாடு, அதை ஆற்றில் தள்ளினால் என்ன ஆகும் என்று மாடு மேய்த்த எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான் என்பார். ஜெனரல்கள் மாடு மேய்த்த பையன்களைக் கேட்பதில்லை.

ஐயா இருந்தது, ஜப்பானியரோடு இம்பாலுக்கு அருகே பாலேல் பக்கம் போன இந்திய தேசிய ராணுவத்தின் காந்தி பிரிகேடுக்கு மூட்டை சுமந்த கூட்டத்தில். கையில் துப்பாக்கி இருந்தது, தோளில் அரிசி இருந்தது. அரிசி தீர்ந்தபோது துப்பாக்கி கனத்தது என்று ஒருமுறை சொன்னார். அவர் சொன்னதிலேயே கொஞ்சம் கவிதை மாதிரி இருந்தது அது ஒன்றுதான், உடனே வெட்கப்பட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங்கில் நம் கொடி ஏறியதைக் கேள்விப்பட்டபோது எல்லோரும் கத்திக் கொண்டாடினார்களாம். மே மாதக் கடைசிக்குள் காட்டு வாழைக்குருத்தையும் பேர் தெரியாத கீரையையும் வேகவைத்துத் தின்னும் நிலை வந்தது. உப்பு இல்லை என்பதுதான் பெரிய குறையாம். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், உப்பில்லாத கீரையை விழுங்குவது மண்ணை விழுங்குவது போல என்பார். வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். எழுந்து போய்விடுவார்.

ஜூலையில் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பாதி வேலையை முடித்திருந்தன. அந்தப் படையெடுப்பில் போன ஜப்பானியர் ஏறக்குறைய 85,000 பேர், அதில் செத்தவர்கள் மட்டும் சுமார் 30,000 என்பார்கள். குண்டில் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதிகம். அந்தத் திரும்பும் பாதைக்கு ஜப்பானியர் வெள்ளெலும்புச் சாலை என்று பெயர் வைத்தார்கள். நம் ஆட்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: இம்பால் முனைக்குப் போனவர்கள் சுமார் 6,000, திரும்பியவர்கள் 2,600. சண்டையில் செத்தவர்கள் 400 சொச்சம், பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் 1,500. மிச்சப் பேர் சரணடைந்தார்கள், அல்லது எங்கோ போனார்கள். மண்டபத்தில் பேசியவர் அந்த 400 பேரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். 1,500 பேருக்கு ஒரு வாக்கியம்கூட விழவில்லை. காய்ச்சலில் செத்தவனை வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்வது? அவன் நெஞ்சிலும் காயம் இல்லை, முதுகிலும் காயம் இல்லை.

சாக்குத் துணி

ஐயா தன் நடையைப் பற்றிப் பேச மறுத்தாலும் வேறொரு நடையைப் பற்றிக் கேட்காமலே சொல்வார். அது அவர் சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்னால். பெகுவுக்குக் கிழக்கே ரயில் பாதையோரம் ஒரு ஊரில் குடும்பம் இருந்தது, அவருடைய அப்பா தண்டவாளத்தில் கூலி வேலை. 1942 பிப்ரவரி 23 அதிகாலையில் சிட்டாங் பாலத்தை வெள்ளைக்காரப் பட்டாளமே வெடி வைத்துத் தகர்த்தது. ஜப்பான்காரன் கையில் பாலம் சிக்கக் கூடாது என்று செய்தது. செய்தபோது அவர்களுடைய பதினேழாவது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி அந்தக் கரையில் இருந்தது. கூர்க்கா, பஞ்சாபி, டோக்ரா, வெள்ளைக்காரன் என்று எல்லோரும் ஒரே மாதிரி ஆற்றில் விழுந்தார்கள். மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், நீந்தி வந்தார்கள், வராமலும் போனார்கள். நீந்துவதற்காக பூட்ஸைக் கழற்றி எறிந்திருந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது டிவிஷனில் மிஞ்சிய காலாட்கள் 3,484 பேர், துப்பாக்கிகள் 1,420. பூட்ஸ் எத்தனை என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

அந்தக் கூட்டம் ரயில் பாதை வழியாகப் பெகுவை நோக்கி நடந்து வந்ததை ஐயா பார்த்தார். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டிய சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடப்பது எப்படி இருக்கும் என்று கேங் கூலி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் துரைமாரும் பட்டாளத்தாரும் அப்படி நடப்பதை அன்றுவரை அவர் பார்த்ததில்லை. பதினேழு பதினெட்டு வயது, சிரிப்பு வந்துவிட்டதாம். அவருடைய அம்மா ஒரு அறை விட்டாள். பிறகு வீட்டிலிருந்த அரிசிச் சாக்கைக் கிழித்துத் துண்டு துண்டாக அவர்களிடம் கொடுத்தாள், பானையில் இருந்த நீராகாரத்தையும் ஊற்றினாள். பாஷை தெரியாது. ஒருவன் கால் ரத்தத்தைத் துடைக்காமல் அப்படியே சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனானாம். கிழிந்த சேலை கட்டிய பொம்பளைக்கு சல்யூட். "எங்க ஆத்தாவுக்கு அன்னைக்குக் கெடச்ச மரியாதை வேற எவளுக்கும் கெடச்சதில்ல" என்று சொல்லும்போது ஐயாவின் குரல் கொஞ்சம் உயரும். அடுத்த வருஷம் இதே ஐயா அந்தப் பட்டாளத்துக்கு எதிர்ப் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்தார். அதில் அவருக்கு முரண்பாடே தெரியவில்லை. எனக்கும் இப்போது தெரியவில்லை. மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது, வெள்ளைக்காரன் போய்விட்டான், பர்மாவில் இருந்த இந்தியர்களில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கப்பல் கிடைத்தால் கப்பலிலும் கிடைக்காவிட்டால் கால்நடையாகவும் கிளம்பிவிட்டார்கள், கிளம்ப முடியாதவர்கள் இருந்தார்கள். இருந்தவர்கள் முன்னால் யார் வந்து கொடி பிடித்தார்களோ அவர்களோடு போனார்கள்.

நான் சொல்ல வந்தது அந்த டிவிஷனைப் பற்றி. வெறுங்காலோடு பெகுவுக்கு வந்த அதே பதினேழாவது டிவிஷன் பர்மா முழுவதையும் பின்வாங்கியே கடந்து, 1942 மே மாதம் மழை பிடித்த நேரத்தில் இந்திய எல்லைக்குள் போய் விழுந்தது. 1944-ல் இம்பாலில் நின்றது. 1945 மார்ச் முதல் வாரத்தில் மெய்க்டீலாவைப் பிடித்தது, சுற்றி வளைக்கப்பட்டும் அந்த மாதம் முழுவதும் விடவில்லை. மெய்க்டீலா போனதோடு மத்திய பர்மாவில் ஜப்பானியரின் முதுகெலும்பு முறிந்தது. அதனால் சிட்டாங்கில் பூட்ஸைத் தொலைத்துவிட்டு வந்த நடைக்கு இன்று சரித்திரப் புத்தகத்தில் விடாமுயற்சி என்று பெயர். மெய்க்டீலா இல்லாமல் போயிருந்தால் அதே நடைக்கு வேறு பெயர். ஐயாவின் கூட்டத்துக்கு மெய்க்டீலா வாய்க்கவில்லை. அதே மழை, அதே மலேரியா, அதே எல்லை, திசை மட்டும் மாறி. அதற்கு நாம் வைத்த பெயர் தோல்வி. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மண்டபத்தில் புறமுதுகு அறியாதவர்கள் என்று முழங்குகிறோம்.

அந்தப் பாதைக்கு நடை புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1942-ல் நம் சனங்கள் இந்தியாவை நோக்கி நடந்ததில் ஒரு வழி தமு வழி. 1964-க்குப் பிறகு கடைகளையும் நிலத்தையும் இழந்து கப்பலில் தமிழ்நாட்டுக்குப் போனவர்களில் சிலர், அங்கே பிழைக்க முடியாமல், தரை வழியாக பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் மறித்ததும் மணிப்பூர்ப் பக்கத்து எல்லை ஊரான மோரேயில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. தமுவில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்பார்கள்.

தௌக்யான்

கூட்டம் முடிந்த மறு ஞாயிறு நானும் மருமகனும் தௌக்யானுக்குப் போனோம். ரங்கூனிலிருந்து ப்யே சாலையில் வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் இருந்து செத்தவர்களுக்கான போர்க் கல்லறைத் தோட்டம். புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டி வைத்த வேறொரு இடம் இந்த நாட்டில் எனக்குத் தெரியாது. அக்யாப், மாந்தலே, மெய்க்டீலா, சாமோ ஆகிய இடங்களில் இருந்த கல்லறைகளை 1951 முதல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 6,374 பேர். அதில் 867 பேர் யாரென்றே தெரியாது. நடுவில் உயரமான தூண்கள் வரிசையாக நிற்கின்றன. உடல் கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கியிருக்கின்றன. பையன் நிழல் பார்த்து நடந்தான், நான் எழுத்துப் பார்த்து நடந்தேன். மதராஸ் சாப்பர்ஸ் வரிசை வந்ததும் நின்றுவிட்டேன். எல்லாம் ஆங்கில எழுத்தில், ஆனால் வாய்விட்டுப் படித்தால் நம் தெரு. சேலத்திலும் ஆர்க்காட்டிலும் யாரோ ஒரு தாய் வாசலில் நின்று கூப்பிட்ட பெயர்கள். பாலம் போட்டவர்கள், சாலை போட்டவர்கள், கண்ணிவெடி எடுத்தவர்கள். ஐயா நடந்த சேற்றுக்கு எதிர்ப்பக்கத்துச் சேற்றில் நின்றவர்கள்.

நடுமண்டபத்தில், சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்று ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகியில் பஞ்சாபி. தமிழ் இல்லை. பையன் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எடமா இல்ல?" என்றான். எனக்கு அதைவிட அங்கே இருந்த இன்னொரு வாசகம்தான் தைத்தது. போரின் போக்கினால், இறந்த தோழர்களுக்குச் செய்யப்படும் வழக்கமான சடங்குகள் இவர்களுக்கு வாய்க்காமல் போயின என்ற பொருளில் ஒரு வரி. கல்வெட்டு எழுதும் அதிகாரி ஒருவன் இப்படி யோசித்திருக்கிறானே என்று ஆச்சரியமாக இருந்தது. கருமாதி செய்ய முடியவில்லை என்று ஒரு அரசாங்கம் கல்லில் ஒத்துக்கொண்டிருக்கிறது. ஐயாவின் ஆட்களுக்கு அந்தத் தோட்டத்தில் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. அது எதிரி கட்டிய கல்லறை, இருக்காதுதான். சிங்கப்பூரில் நேதாஜி எழுப்பிய நினைவுச்சின்னத்தையே திரும்பி வந்ததும் வெள்ளைக்காரன் இடித்துப் போட்டான். மொய்ராங்கில் ஒரு நினைவகம் இருக்கிறது. இங்கே பர்மாவில், பள்ளத்தாக்கில் விழுந்தவர்களுக்கு, தேக்கு மரம் இருக்கிறது.

ஆனால் சடங்கு ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது. அது எங்கள் வீட்டிலேயே நடந்தது, நான் அதைக் கவனிக்காமல் வளர்ந்தேன். தூணில் சாய்ந்து நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது.

எட்டு நம்பர்

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் எங்கள் வீட்டில் இலை போடுவோம். வாழைக்காய், பூசணிக்காய், அகத்திக்கீரை, பருப்பு, பாயசம். முன்னோர்களுக்கு ஒரு இலை. பக்கத்தில் தனியாக இன்னொரு இலை. அந்த இலையில் சோற்றோடு ஒரு குத்து உப்பு, ஒரு தம்ளர் கறுப்புக் காப்பி, இலையோரம் ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு. காப்பி என்று நாம் சொன்னால் ஐயா திருத்துவார், "கோப்பின்னு சொல்லணும், அவன் அப்படித்தான் சொல்வான்." எவன்? மலாயாக்காரன். அதற்கு மேல் கேட்டால் பதில் வராது. மறுநாள் காலையில் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவார், வெறுங்காலோடு வரும் முதல் ஆளுக்குக் கொடுப்பார். பர்மியக் கூலியோ, சீனக் கிழவனோ, யாராயிருந்தாலும் சரி. ஒருமுறை ஐயர், எள்ளும் தண்ணீரும் விட பெயர் சொல்லுங்கள் என்று கேட்டபோது, "மலாயாக்காரன்னு சொல்லுங்க சாமி, அவனுக்குப் புரியும்" என்றாராம்.

1997-ல் ஐயா போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆடிக்கு அப்பா செருப்பு வாங்கி வந்தார், ஆறாம் நம்பர். அப்பா கால், ஐயா கால், என் கால் எல்லாம் ஆறுதான், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சின்னக் கால். அப்பத்தா அந்தச் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனால் அந்த ஒரு எண் தெரியும். "இது இல்லடா, எட்டு நம்பர் வாங்கிட்டு வா." அப்பா முனகினார், ஐயா எப்போதும் அளவு தெரியாமல் பெரிதாக வாங்கிவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்பத்தா மீண்டும் சொன்னாள், எட்டு. அப்பா தெயின்ஜி மார்க்கெட்டுக்கு மாற்றப் போன அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் எனக்குச் சொன்னாள்.

திரும்பும் வழியில் ஐயாவின் கேன்வாஸ் பூட்ஸ் அடி பிய்ந்து போய்விட்டது. கூட வந்தவன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன், நெட்டை ஆள். அவன் காலில் தோல் பூட்ஸ், லாடம் அடித்தது. வெள்ளைக்காரன் கிடங்கிலிருந்து ஆரம்பத்தில் கிடைத்தது, சர்ச்சில் கொடுத்த பூட்ஸ் என்று சொல்லிக்கொள்வானாம். இருவரும் பல நாள் சேர்ந்து நடந்தார்கள். யாசாஜோவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஓடையோரம் அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதில்லை என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனே பூட்ஸைக் கழற்றி, "நீ போட்டுக்க, எனக்கு எதுக்கு" என்று கொடுத்தான். ஐயா உள்ளே துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு நடந்தார், கலேவா வரை நடந்தார், ஆற்றைத் தாண்டினார், மேம்யோ ஆஸ்பத்திரியில் விழுந்தார். எட்டு நம்பர் பூட்ஸ் அது.

"இது ஒரு கதை" என்றாள் அப்பத்தா. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள். "இன்னொரு கதையும் சொல்லியிருக்காரு. அவன் குடுக்கல, இவரு கழட்டுனாரு. மூச்சு இருந்துச்சு. கண்ணு தொறந்திருந்துச்சு. கழட்டும்போது ஒரு கால நீட்டிக் குடுத்தானாம், இன்னொரு கால நீட்டலையாம்."

எது உண்மை என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் ஐயாவுக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வரும், அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கூடவே வந்தது. காய்ச்சல் வந்தால் ஒன்றைச் சொல்வார், காய்ச்சல் இல்லாதபோது மற்றொன்றைச் சொல்வார் என்றாள். எது காய்ச்சலில் சொன்னது என்று கேட்டேன். அப்பத்தா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு ஐந்து வருஷம் உயிரோடு இருந்தாள், எத்தனையோ முறை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், சொல்லவே இல்லை.

நீட்டிய ஒரு காலைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஒரு காலை நீட்டியவன் சம்மதித்தானா? அடுத்த காலை நீட்ட மனம் வரவில்லையா, தெம்பு இல்லையா? அந்த இரண்டுக்கும் நடுவில் ஐயா எவ்வளவு நேரம் காத்திருந்தார்? மேடையில் பேசுகிறவர்களுக்கு விடாமுயற்சி என்பது ஒருவனுக்குள் இருக்கும் ஒரு குணம், நெஞ்சுரம், ரத்தத்தில் ஊறியது. எங்கள் வீட்டில் அது ஒரு ஜோடி பூட்ஸ், இன்னொருவனுடையது. சிட்டாங்கிலிருந்து வந்த கூர்க்காவுக்கு அது என் பெரிய அப்பத்தாவின் அரிசிச் சாக்கு. "நடந்தேன்" என்று மட்டும் ஐயா ஏன் சொன்னார், எப்படி நடந்தேன் என்று ஏன் சொல்லவில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. அதன் பிறகு அவர் இன்னொரு காரியமும் செய்தார், அதையும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியரும் நேதாஜியும் ரங்கூனை விட்டுப் போனபோது, ஊர்க்காவலுக்காக ஜெனரல் லோகநாதன் தலைமையில் சுமார் 5,000 பேரை நிறுத்திவிட்டுப் போனார்கள். லோகநாதன் நம்மூர்க்காரர், டாக்டர். நகரத்தைக் கொள்ளையடிக்க விடாமல் பார்த்துக்கொண்டு, வெள்ளைக்காரன் வந்ததும் சரணடைய வேண்டும், அதுதான் அவர்களுக்கு உத்தரவு. தோற்பதற்கென்றே காவல் நின்றார்கள். ஐயா அந்த ஐயாயிரத்தில் ஒருவர். மே 3-ல் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கியது. ஒரு மூலையில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காலில் பூட்ஸ் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான் என்பார் அதைப் பற்றி. பூட்ஸ் பெரிதாக இருந்தது என்று அவர் சொன்னதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்டும் கேட்கவில்லை.

தௌக்யானிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். இரண்டு கதைகளையும் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான். இன்செயின் தாண்டிய பிறகு, "நானா இருந்தா கழட்டியிருப்பேன் மாமா" என்றான். சிறிது நேரம் கழித்து, "நானா இருந்தா குடுத்திருப்பேனான்னுதான் தெரியல" என்றான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவை அறிவிப்பு வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பையனின் வயதை மேலே எழுதியிருக்கிறேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் படை, பட்டாளம் என்ற சொற்களை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஐயாவின் கதைகளையும் நிறுத்திவிட்டோம். அக்கா இரவில் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

இந்த ஆடி அமாவாசைக்கு செருப்பு வாங்க அவனைத்தான் அனுப்பினேன். கறுப்பு ரப்பர், நீல வார். அடியைத் திருப்பிப் பார்த்தேன், எட்டு. சரியாக வாங்கியிருக்கிறாயே என்றதற்கு, போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றான். அப்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். அவன் அப்பா வழி, நெட்டையான ஆட்கள். எங்கள் வீட்டில் அந்தச் செருப்பு சேரும் முதல் கால். இலை போட்டோம், உப்பு வைத்தோம், கோப்பி வைத்தோம். படைத்து முடித்ததும் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, படையல் செருப்பை வீட்டு ஆள் போடலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. கேட்க ஐயாவும் இல்லை, அப்பத்தாவும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் பையன் கிளம்பிப் போனான். எந்த வழி, எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. நான் எழுந்து வந்து பார்த்தபோது இலையோரம் செருப்பு இல்லை, தம்ளரில் கோப்பி பாதி குறைந்திருந்தது.